சாணைப் பட்டறை ராமக்கா

ராமக்காவைச் சாணைப் பட்டறையில் சேர்த்துவிட்டவன் அவளோடு கூடப்பிறந்த அண்ணன். அவன் பெயரே பெரியண்ணன். அதனால் ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருமே அவனை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த மரியாதை அவனுக்கு மிகவும் பிடிக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் மழை இல்லை. ராமக்காவும் அவள் புருஷன் காளியனும் தங்கள் மானாவாரிக் கொல்லையில் விதைத்த நிலக்கடலை முளைத்த கையோடு காய்ந்துவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் காப்பித் தோட்ட வேலைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சேலத்துக்காரர் ஒருவர் பட்டறை வைத்தார். மண்வெட்டி, கோடாலி, பாறை கொத்தும் குந்தாலி எல்லாம் செய்கிற பட்டறை. பெரியண்ணன் அதற்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியாகியிருந்தான். தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தான்.

“எதுக்கும்மா ஊரு வுட்டு ஊரு போறீங்க? ரெண்டு பேரும் பட்டறைக்கு வாங்க. நெழல்ல ஒக்காந்து செய்யற வேலை.”

நிழல் என்பது உண்மைதான். முன்பக்கத்தில் உலை. அங்கே கொல்லர்கள் இரும்பைக் காய்ச்சி அடித்து உருவம் கொண்டுவருவார்கள். பின்பக்கம் நீளமான கொட்டகை. அதில் வரிசையாகச் சாணைக்கல் சக்கரங்கள். ஆயில் எஞ்சின் ஓட, தோல் பட்டை இழுக்க, சக்கரங்கள் சுற்றும். அடித்த இரும்பின் வாயைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்துக் கூர் ஏற்ற வேண்டும். கொல்லர்களுக்கு வேண்டிய தொழில் பழக்கம் இதற்குத் தேவையில்லை. கையில் பலமும் கொஞ்சம் தைரியமும் இருந்தால் போதும். ராமக்காவுக்கு இரண்டும் இருந்தன. பொறி பறக்கும்போது கண்ணைச் சிமிட்டாமல் வேலை செய்வாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

கல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் தூள் பறக்காது. ஆனால் வேலை மெதுவாக நடக்கும். உலர்ந்த கல் சீக்கிரம் தேய்க்கும். முதலாளிக்கு அவசரம். அதனால் பட்டறையில் தண்ணீர்ச் சாணை கிடையாது. சாயங்காலம் எஞ்சினை நிறுத்தும்போது புருவம், காது மடல், மூக்குத் துவாரம் எல்லாம் கறுத்திருக்கும். வெளியே வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சாப்பிடும் களியில்கூட நறநறவென்று தூள் கடிபடும்.

யுத்தம் வந்தபோது பட்டறைக்கு மிலிட்டரி ஆர்டர் கிடைத்தது. எங்கேயோ பள்ளம் தோண்டப் போகிற சிப்பாய்களுக்குக் குந்தாலியும் மண்வெட்டியும். சக்கரங்கள் கூடின. சாமான் களவு போகக்கூடாது என்று கொட்டகையைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். அதுவரை மேற்கிலிருந்து கொஞ்சம் காற்றாவது வந்துகொண்டிருந்தது. தகரம் அடித்தபின் மத்தியானத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரியாது. தூள் மேகம் மாதிரி நிற்கும்.

அந்த வருஷம்தான் காளியனுக்கு இருமல் ஆரம்பித்தது. முதலில் வறட்டு இருமல். பிறகு கிணற்றுப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. உடம்பு கரைந்து விலா எலும்பு தெரிந்தது. முதலாளி அவனைக் கூப்பிட்டுப் பார்த்தார். தள்ளி நின்றே பேசினார்.

“இது காசம்ப்பா. உங்க ஊருல யாருகிட்டயோ தொத்திக்கிட்டு வந்திருக்கே. இனிமே பட்டறைக்கு வராதே, மத்தவங்களுக்கும் பரவிடும்.”

முதலாளி சொன்னதை மேஸ்திரி ஊரில் சொன்னான். ஊர் நம்பியது. ராமக்காவும் நம்பினாள். காளியனைக் கொல்லைக் குடிசையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். ராமக்கா வேலைக்குப் போகுமுன் களியும் தண்ணீரும் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டு விலகி நிற்பாள். அவன் ஊர்ந்து வந்து எடுத்துக்கொள்வான்.

“ஏன் அங்கயே நிக்கற? கொஞ்சம் கிட்ட வந்து ஒக்காரேன்” என்று ஒருநாள் கேட்டான்.

அவள் போகவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேப்பமரத்தடியிலேயே நின்றாள். நாற்பத்தொன்றாம் வருஷம் தை மாதம், பக்கத்துக் கொல்லையில் சாமை அறுத்துக்கொண்டிருந்தபோது, காளியன் அந்தக் குடிசையிலேயே செத்துப்போனான். அவனைத் தொட்டுத் தூக்கவே ஆட்கள் தயங்கினார்கள்.

ராமக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. காரியம் முடிந்ததும் மறுபடியும் பட்டறைக்குப் போனாள். ஒற்றை ஆளாகக் கொல்லையை நம்பி இருக்க முடியாது. அடுத்த சக்கரத்தில் சாலம்மாள் இருந்தாள், வாயாடி, எதற்கும் சிரிக்கிறவள். இரண்டு வருஷம் கழித்து அந்தச் சாலம்மாளின் சிரிப்பு இருமலில் போய் முடிய ஆரம்பித்தது. ராமக்காவுக்கும் அப்படித்தான். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தால் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்க வேண்டியிருந்தது.

பெரியண்ணன் பார்த்தான்.

“உன் புருஷன்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சு. நான் அப்பவே சொன்னேன்” என்றான்.

ராமக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் அவருகிட்டவே போவலியே ணா. சாவற வரைக்கும் போவலியே. எப்பிடி ஒட்டும்?”

பெரியண்ணன் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். ஆனால் அந்தக் கேள்வி ராமக்காவை விடவில்லை. சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் அதையே நினைத்தாள். கிட்டவே போகாதவளுக்கு ஒட்டியிருக்கிறது. சாலம்மாள் காளியன் இருந்த குடிசைப் பக்கமே வந்ததில்லை, அவளுக்கும் வந்திருக்கிறது. பட்டறைக்கு வராத எவருக்கும் ஊரில் இந்த இருமல் இல்லை. ஒரு வாரம் வேலையை விட்டுவிட்டு, சாலம்மாளையும் இழுத்துக்கொண்டு, மொரப்பூரில் ரயிலேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே ஒரு வயதான டாக்டர் இருந்தார். அவர் முன்பு சுரங்கம் உள்ள ஊரில் வேலை பார்த்தவர். இருவரையும் ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்துச் சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். எக்ஸ்ரே எடுத்தார். படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன வேலை செய்யறீங்க ரெண்டு பேரும்?” என்று கேட்டார்.

சொன்னார்கள்.

“இது காசம் இல்லம்மா. காசத்துக் கிருமி உங்க சளியில இல்லை. கல்லுத் தூளும் இரும்புத் தூளும் மூச்சு வழியா போய் நெஞ்சுல தங்கியிருக்கு. சுரங்கத்துல வேலை செய்யறவங்களுக்கும் இப்படி வரும்.”

“பரவுங்களா?” என்று ராமக்கா கேட்டாள்.

“பரவாது. ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வராது. தூளை மூச்சுல இழுத்தவங்களுக்குத்தான் வரும்.”

“மருந்து குடுத்தா போவுங்களா?”

டாக்டர் படத்தை மேஜைமேல் வைத்தார். “உள்ளே போனதை எடுக்க மருந்து இல்லை. இனிமே போகாம பாத்துக்கலாம். அந்த வேலைக்குத் திரும்பிப் போகாதீங்க.”

சாலம்மாள் அழுதாள். ராமக்கா அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். பிறகு சாலம்மாளிடம், “பரவாதாம்டி. பக்கத்துல ஒக்காந்து ஊட்டியிருக்கலாம்டி நானு” என்று மட்டும் சொன்னாள். ரயிலில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டேஷனிலிருந்து நேராகப் பட்டறைக்கு நடந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் புளியமரத்தடியில் தூக்குப் போசியைத் திறந்துகொண்டிருந்த நேரம். நடுவில் போய் நின்றாள். மூச்சு வாங்கி வாங்கி, விட்டு விட்டுச் சொன்னாள். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளி வெளியே வந்தார்.

“தகரத்தப் பிரிங்க. கல்லுமேல தண்ணி சொட்ட வுடுங்க. அது போதும்” என்றாள் ராமக்கா.

“மிலிட்டரி வேலை தெரியுமா உனக்கு? தண்ணி ஊத்தித் தேச்சுக்கிட்டிருந்தா யுத்தமே முடிஞ்சு போயிடும்” என்றார் முதலாளி. “காச நோயாளி உள்ளே வரக்கூடாது. மேஸ்திரி, உன் தங்கச்சிய வெளிய கூட்டிக்கிட்டு போ.”

பெரியண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள். ஆனால் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மரத்தடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சக்கரத்துக்குத்தான் போனார்கள். இருமலை முந்தானையில் அமுக்கிக்கொண்டு சாலம்மாளும் போனாள். அவளுக்குக் குழந்தைகள் இருந்தன. ராமக்கா யாரையும் திட்டவில்லை.

பட்டறைக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், முடியாமல் போனவர்கள் வேலையை விட்டு நின்றுகொண்டே இருந்தார்கள். அந்த இடங்களை நிரப்ப, பெரியண்ணன் கம்பைநல்லூர்ச் சந்தைக்கு வருவான். சித்தேரி மலையிலிருந்து தேனும் கடுக்காயும் சாமையும் கொண்டுவந்து விற்றுவிட்டு உப்பு வாங்கிப் போகிறவர்கள் அங்கே வருவார்கள். வானம் பொய்த்த ஊர்க்காரர்களும் வருவார்கள். ஆலமரத்தடியில் நின்று அவர்களிடம் பேசித்தான் அவன் ஆள் பிடிப்பான்.

அடுத்த சந்தையில் ராமக்காவும் அதே ஆலமரத்தடிக்கு வந்தாள். ஒரு கூடை புளியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியண்ணன் மலைக்காரர் ஒருவரிடம், “நெழல்ல ஒக்காந்து செய்யற வேலை” என்று ஆரம்பித்தான். ராமக்கா எழுந்தாள். மடியிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து, காறி அதில் துப்பி, அந்த மலைக்காரர் கண்ணுக்கு நேராக விரித்துப் பிடித்தாள். சளி துருவும் கரியும் கலந்த நிறத்தில் இருந்தது.

“இதாங்க அந்த நெழலு. பாத்துக்கோங்க. என் புருஷன் இதுலதான் போனாரு. நானும் போவப் போறேன். அண்ணன் கூப்புடறாரு, போறதுன்னா போங்க.”

மலைக்காரர் துணியையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

“பைத்தியம், காசம் புடிச்சவ, நம்பாதீங்க!” என்று பெரியண்ணன் கத்தினான். சந்தைக்காரர்கள் ஒதுங்கினார்கள். அன்று அவளிடம் யாரும் புளி வாங்கவில்லை. கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு போனவள் அடுத்த சந்தைக்கும் வந்தாள். அதற்கடுத்ததற்கும் வந்தாள். வேலையை விட்டு நாளானபின் அவள் சளியில் கறுப்புக் குறைந்தது. அப்போது ஒரு சந்தையில் சாலம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “அவளுது வெளுத்துப்போச்சுன்னா என்னுது இருக்குது, பாருங்க” என்று துப்பிக் காட்டினாள். மறுநாளே அவளையும் பட்டறையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாலம்மாள் கூடையில் பலகாரம் விற்கத் தொடங்கினாள். பட்டறையில் இன்னும் இருந்தவர்களில் யாராவது ஒருவர் அதன்பிறகு ஒவ்வொரு சந்தைக்கும் ராமக்காவின் பக்கத்தில் வந்து நின்று துப்பிக் காட்டினார்.

முதலாளி போலீஸ்காரர் ஒருவரை அனுப்பினார். அவர் லத்தியால் புளிக்கூடையைத் தட்டினார்.

“யுத்த வேலையைக் கெடுக்கறியாமே. புடிச்சு உள்ளே போட்டுருவேன்.”

“போடுங்க. உள்ள ஜன்னலு இருக்குங்களா?”

“என்னா?”

“காத்து வர்றதுக்கு ஜன்னலு இருக்குங்களான்னு கேட்டேன். பட்டறையில அதுகூட இல்லீங்க. இருந்தா இப்பவே வர்றேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். போலீஸ்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூச்சிரைத்து நிற்கிற ஒரு பொம்பளையை எதற்காகப் பிடித்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? “சத்தம் போடாம வியாபாரம் பண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் புளி விற்றது.

ஆள் கிடைக்காமல் பெரியண்ணன் தவித்தான். தலைப்பாகையைக் கூடச் சரியாகக் கட்டாமல் ஒரு நாள் ராமக்காவின் வீட்டுக்கு வந்தான்.

“என் சோத்துல மண்ண போடறியே, நீ எனக்குத் தங்கச்சியா?”

“உன் சோத்துல மண்ணு. எங்க நெஞ்சுல இரும்பு. எதுண்ணா பெருசு?”

“அந்த வேலை நல்ல வேலைன்னு நான் நிரூபிக்கறேன் பாரு. என் மகளையே கொண்டாந்து அந்தக் கல்லுல ஒக்கார வெக்கறேன்.”

அவன் மகள் தீர்த்தம்மாளுக்குக் கல்யாண வயது. சொன்னபடியே அடுத்த சந்தையில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து ஆலமரத்தடியில் நிறுத்தினான். கூட்டம் சேர்ந்தது.

“பாத்துக்கோங்க எல்லாரும். நாளைக்கி என் சொந்தப் பொண்ணு பட்டறைக்குப் போறா. கெட்ட வேலையா இருந்தா பெத்தவன் அனுப்புவானா?”

ராமக்கா வாயைத் திறந்தாள். இருமல் வந்து மறித்தது. குனிந்து மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் நிமிர்வதற்குள் தீர்த்தம்மாள் பேசிவிட்டாள். அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

“நான் போவலப்பா.”

“என்னாடி சொன்ன?”

“நான் போவமாட்டேன். நல்ல வேலைன்னா நீ போய் ஒக்காரு. நான் மத்தியானம் சோறு கொண்டாந்து குடுக்கறேன்.”

பெரியண்ணன் கையை ஓங்கினான். தீர்த்தம்மாள் நகரவில்லை. ராமக்கா நடுவில் வந்து நின்றாள். சந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓங்கிய கையை இறக்க முடியாமல் அப்படியே நின்ற பெரியண்ணன், வேறு வழி தெரியாமல் அந்தக் கையாலேயே தன் மாரில் அடித்துக்கொண்டான்.

“போறன்டி! நானே போறன்! ஒண்ணும் ஆவாதுன்னு காட்டறேன்!”

வீம்புக்காரன்தான், ஆனால் சொன்ன சொல்லை விழுங்குகிறவன் அல்ல. மறுநாள் மேஸ்திரி வேலையோடு ஒரு சக்கரத்தையும் எடுத்துக்கொண்டான். இத்தனை வருஷம் கொட்டகை வாசலோடு நின்றுவிட்டுப் போனவன். தீர்த்தம்மாள் சொன்ன சொல் தவறாமல் மத்தியானம் சோறு கொண்டுபோனாள். முதல் வாரம் அவன் சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து வீராப்பாகச் சாப்பிட்டான். பிறகு வெளியே வந்து மரத்தடியில் சாப்பிட்டான். மழைக்காலம் முழுக்க விடவில்லை. கார்த்திகையில் ஒருநாள், பக்கத்தில் இருந்த வாலிபன் ஒருவன் இருமி இருமிச் சக்கரத்தின் மேலேயே சாய்ந்தான். பெரியண்ணன் அவனை இழுத்துக் காப்பாற்றி, தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்தான். பத்தடி தூரம்தான். அதற்குள் அவனுக்கே மூச்சு முட்டியது. தலைப்பாகைத் துணியில் துப்பிப் பார்த்தான். சந்தையில் ராமக்கா காட்டிய அதே நிறம்.

அன்று சாயங்காலம் ராமக்காவின் வாசலில் வந்து உட்கார்ந்தான். அவள் கூழ் கொடுத்தாள். குடித்தான்.

“காளியன நான்தான் கூட்டிக்கிட்டு போனேன்” என்றான்.

“ஆமா” என்றாள் ராமக்கா. அவன் குடித்த சட்டியை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். “இப்ப என்னா பண்ணப் போற?” என்று கேட்டாள்.

“மிலிட்டரி சாமான் ஏத்தற வேகன் எப்ப வரும்னு எனக்குத்தான் தெரியும்” என்றான் பெரியண்ணன்.

மொரப்பூர் ஸ்டேஷனில் மிலிட்டரி சாமானுக்கு வேகன் வந்து நின்ற காலையில் சக்கரங்கள் ஓடவில்லை. எஞ்சின் வெறுமனே அடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள், மேஸ்திரி முன்வரிசையில். அவனுக்குப் பக்கத்தில் ராமக்கா. முதலாளி கத்தினார், போலீஸ் என்றார், யுத்தச் சட்டம் என்றார். யாரும் எழவில்லை. கொல்லர்களும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். சந்தையில் புதிய ஆள் கிடைக்காது என்பது முதலாளிக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஸ்டேஷனிலிருந்து சரக்கு கேட்டு ஆள் மேல் ஆள் வந்துகொண்டிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் அவர் உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் எஞ்சின்காரன் கடப்பாரையோடு வந்து மேற்குப் பக்கத்துத் தகரத்தைப் பெயர்க்க ஆரம்பித்தான். வாலிபர்கள் ஓடிப்போய்க் கைகொடுத்தார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் அடியில் துளை போட்ட மண்ணெண்ணெய் டின்னைக் கட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். அதன்பிறகு கொட்டகையில் சேறு வழிந்தது. சேலையெல்லாம் துருக்கறை. வேலை மெதுவாகத்தான் நடந்தது. முதலாளி தினமும் முணுமுணுத்தார். ஆனால் எதிரே இருப்பவர் முகம் தெரிந்தது.

பெரியண்ணனுக்கு மேஸ்திரி வேலை போய்விட்டது. அவன் ராமக்காவின் கொல்லையையும் தன் கொல்லையையும் சேர்த்து உழுதான். சாலம்மாள் நாற்பத்தைந்தில் இறந்தாள். யுத்தமும் அந்த வருஷம்தான் முடிந்தது.

முதலாளி சும்மா இருக்கவில்லை. நாற்பத்தாறில் கம்பைநல்லூர் போகிற வழியில் ஏர்க்கொழு செய்ய இன்னொரு பட்டறை கட்டினார். நாலு பக்கமும் தகரம். செய்தி கேட்டபோது ராமக்காவால் வாசலைத் தாண்டி நடக்க முடியாது. பேசினாலே இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. மாட்டு வண்டி கட்டச் சொன்னாள். தீர்த்தம்மாளுக்கு அப்போது கல்யாணமாகிக் கையில் குழந்தை. “நீ இரு அத்தே, நான் போய்ச் சொல்றேன்” என்றாள்.

“நான் போனாத்தான் பயப்படுவான்” என்றாள் ராமக்கா.

வண்டியைப் பட்டறை வாசலிலேயே, உள்ளே யாரும் போக முடியாதபடி குறுக்காக நிறுத்தச் சொன்னாள். வேலைக்கு வந்தவர்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். வைக்கோல் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளை முதலாளி வந்து பார்த்தார்.

“இன்னும் நீ இருக்கியா?” என்றார்.

“இருக்கறன்ங்க. மேற்கால… பிரிங்க.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். தகரம் ஒவ்வொன்றாக விழுகிறவரை அவள் வண்டியை நகர்த்தவிடவில்லை. டின்களைக் கட்டி, தண்ணீர் சொட்டுகிறதா என்று பெரியண்ணனை உள்ளே அனுப்பிப் பார்த்துவரச் சொன்னாள். அவன் வந்து தலையாட்டியபின்தான் மாட்டைத் திருப்பச் சொன்னாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருக்கும் என்பதால் சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். கொல்லையில் எந்தப் பக்கம் என்ன விதைப்பது என்பதில் பெரியண்ணனோடு தினமும் சண்டை பிடித்தாள். அவனுக்கும் இப்போது இருமல் இருந்தது, ஆனால் அவளுடையதைப் போல் இல்லை.

தன் கடைசி ஆடி மாதத்தில் ஒருநாள் அவள் எதையோ சொல்லத் தொடங்கி, மூச்சு வாங்கி, மறுபடியும் தொடங்கினாள்.

“பேசாமதான் இரேன் ராமக்கா, மூச்சு வாங்குதில்ல” என்றான் பெரியண்ணன்.

“பேசாம இருக்கறதுக்கு… நெறைய நாளு கெடக்குது” என்றாள் அவள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, தெற்குக் கொல்லையில் கடலை போடக்கூடாது, சாமைதான் போட வேண்டும் என்று சொல்லி முடித்தாள்.